இன்றைக்கு எதைக் காணோம்?

மிளகின் சைக்கிளில் அன்றைக்கு இடது பெடலைக் காணோம்.

நேற்று செயினைக் காணோம். அதற்கு முந்தின நாள் முன் டயர். போன வாரம் ஒருநாள் ஹேண்டில்பாரையே காணோம். கொம்பு உடைந்த ஆடு மாதிரி அது சைக்கிள் கடை மூலையில் பரிதாபமாக நின்றுகொண்டிருந்தது.

திருடர் யாரென்று கண்டுபிடிக்க மிளகு மூளையைக் கசக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் எங்கேயும் ஓடிப்போகவில்லை. கையெல்லாம் கிரீஸோடு, கவிழ்த்துப் போட்ட ஒரு சைக்கிளின் முன்னால் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் மிளகின் அப்பா.

“அப்பா, என் பெடல் எங்கே?”

விசில் நின்றது.

“அது வந்தும்மா... பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் காலையில வந்தார். பெடல் உடைஞ்சு ஒத்தக் காலாலயே மிதிச்சிட்டு வந்தார். பார்க்கவே சகிக்கல. நாளைக்கு வாங்கிப் போட்டுடறேன்.”

“செயினுக்கும் இதையேதான் சொன்னீங்க.”

“செயினைப் போட்டேனா இல்லையா?”

“போட்டீங்க. போட்டுட்டு பெடலைக் கழட்டிட்டீங்க.”

அப்பா கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். மகள் சொல்வதில் தப்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அதனால் மறுபடியும் விசிலடிக்கத் தொடங்கினார்.

மிளகுக்கு வேறு பெயர் உண்டு. ஆசிரியர் வகுப்பில் கூப்பிடும்போதுதான் அது அவளுக்கே ஞாபகம் வரும். ஆள் பொடிசு, கோபம் காரம் என்பதால் யாரோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆனால் இப்படி ஒரு அப்பா இருந்தால் சர்க்கரைக்கட்டி என்று பெயர் வைத்த பிள்ளைக்குக்கூடக் கோபம் வரத்தான் செய்யும்.

அந்தச் சைக்கிளை அப்பாதான் அவளுக்காகச் செய்தார். யாரோ வேண்டாமென்று போட்ட சட்டம், வேறு யாரோ தூக்கிப் போட்ட சக்கரம், எங்கிருந்தோ வந்த ஹேண்டில் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, தேய்த்து, நீலப் பெயின்ட் அடித்து மாட்டினார். அது வரைக்கும் நல்ல அப்பாதான். மாட்டின பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது.

அவருடைய கடை ரொம்பச் சின்னது. உதிரிச் சாமான்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும். சாமான் வண்டி வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். அதற்குள் யாராவது உடைந்த சைக்கிளோடு வந்து நின்றால், “சாமான் இல்லைங்க” என்று சொல்ல அப்பாவின் வாய்க்குப் பழக்கமே இல்லை. ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கண் மெதுவாகக் கடை மூலைக்குப் போகும். கண் போன இடத்துக்கு ஸ்பேனரும் போகும்.

மிளகு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முறையிட்டாள். அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க மற்றவர்களின் தலைவலியைக் கேட்டுக் கேட்டு, எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள்.

“அம்மா, அப்பாகிட்ட நீங்க சொல்லக் கூடாதா?”

“எங்க கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளையைக் காணோம்னு தேடினாங்க,” என்றார் அம்மா, துணியை மடித்தபடியே. “வாசல்ல உட்கார்ந்து யாருக்கோ பஞ்சர் ஒட்டிட்டு இருந்தார். அன்னைக்கே நான் சொல்றதை விட்டுட்டேன்.”

மிளகின் தம்பி உருண்டை, தன் மூன்று சக்கர வண்டியில் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தான். அந்த வண்டியில் எல்லாம் இருந்தது. மஞ்சள் சீட், சிவப்பு பெல், பொம்மை வைக்கிற கூடைகூட இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க மிளகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த வாரம் அவள் இவ்வளவு குதிக்கக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சைக்கிளில் ஏரிக்குப் போகிறார்கள். விளையாட்டு சார் வருஷத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போவார். போன வருஷமும் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு மிளகின் சைக்கிளில் பின் சக்கரம் இல்லை. அழுத பிள்ளையை விட்டுவிட்டுப் போக மனசில்லாமல், சார் தன் சைக்கிளின் கேரியரில் அவளை உட்கார வைத்து, மடியில் முதலுதவிப் பெட்டியையும் வைத்துவிட்டார். வழியெல்லாம் மற்றவர்கள் மணியடித்துக்கொண்டு பறந்தார்கள். மிளகு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனாள். அப்புறம் ரொம்ப நாளைக்கு அவளை எல்லோரும் ‘மருந்துப்பெட்டி’ என்றே கூப்பிட்டார்கள்.

இந்த வருஷமும் மருந்துப்பெட்டியாகப் போவதற்கு அவள் தயாராக இல்லை. தன் சைக்கிளில், தன் காலால் மிதித்து, ஏரிக்குப் போயே தீர வேண்டும்.

“பிரேக், செயின், டயர். இந்த மூணும் சரியா இருக்கணும்,” என்று சார் சொல்லியிருந்தார். “கிளம்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சைக்கிளையும் நானே பார்ப்பேன். ஒண்ணு சரியில்லைன்னாலும் கூட்டிட்டுப் போக மாட்டேன்.”

இதையெல்லாம் மிளகு அப்பாவிடம் சொன்னாள். கண்ணில் தண்ணீரோடு சொன்னதால் அப்பா நிஜமாகவே ஆடிப்போனார்.

“சத்தியமா இந்த வாரம் கை வைக்க மாட்டேன், கண்ணு,” என்றார்.

சொன்னதைச் செய்தும் காட்டினார். வெள்ளிக்கிழமை சாமான் வண்டி வந்தது. சாயங்காலத்துக்குள் சைக்கிள் முழுசாகிவிட்டது. பெடல் இருந்தது. செயின் இருந்தது. இதுவரைக்கும் இல்லாத பெல்லும், கேரியரும், ஸ்டாண்டும், பளபளவென்று ஒரு புதுக் கறுப்பு சீட்டும்கூட வந்துவிட்டன. மிளகு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பெல்லை அடித்துக்கொண்டே போனதில் காது வலிப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

ஆனாலும் அவளுக்கு அப்பாவை நன்றாகத் தெரியும். கடைக்கு முன்னால் இருந்த இரும்புக் கம்பத்தோடு முன் சக்கரத்தைச் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“என் மேல அவ்வளவு நம்பிக்கையா?” என்றார் அப்பா.

“ஆமா,” என்றாள் மிளகு.

சனிக்கிழமை மதியம் பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்கு வந்தாள். பூட்டு பூட்டினபடி இருந்தது. சங்கிலி சங்கிலியாக இருந்தது. சைக்கிளும் இருந்தது. சீட்டைக் காணோம்.

சீட் இருந்த இடத்தில் ஒரு குழாய் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றது.

“பூட்டைத் தொடவே இல்லைம்மா,” என்றார் அப்பா அவசரமாக.

மிளகு தன் பையைத் தொட்டுப் பார்த்தாள். சாவியைப் பைக்குள் வைத்துப் பத்திரமாகப் பாதுகாத்த தன் முட்டாள்தனத்தை நினைத்தால்தான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. சைக்கிள் கடைக்காரரிடமிருந்து சைக்கிளைப் பூட்டுப் போட்டுக் காப்பாற்ற நினைத்த ஆள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

“ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா வந்தாங்க. சீட் ரெண்டாப் பிளந்து போச்சு. டூட்டிக்கு நேரமாச்சு. கால் வீங்கிப்போய் நிக்கறாங்க. நான் என்னம்மா செய்ய?”

“இல்லைன்னு சொல்லணும். எல்லாரும் சொல்றாங்க. நீங்க மட்டும் ஏன்பா சொல்ல மாட்டேங்கறீங்க?”

அப்பாவின் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் அழுகை வந்துவிடும் போலிருந்தது. “இரு, பெரிய கடைக்குப் போய் ஒரு சீட் வாங்கிட்டு வந்துடறேன்,” என்று தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேகமாகக் கிளம்பிவிட்டார்.

மிளகு ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுத் தன் சைக்கிளுக்கு முன்னால் காவலுக்கு உட்கார்ந்தாள். இனி யார் வந்தாலும் ஒரு நட்டுகூடக் கிடையாது.

கொஞ்ச நேரத்தில் ரொட்டிக்கார அக்கா வந்தார். பேக்கரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் விடுதிக்கும் ரொட்டி கொண்டுபோகிறவர். அவருடைய சைக்கிளின் கேரியர் ஒரு பக்கம் முறிந்து தொங்கியது. ஒரு கையில் சைக்கிள், இன்னொரு கையில் பெரிய ரொட்டித் தட்டு.

“அப்பா இல்லையாம்மா?”

“இல்லை.”

“கேரியர் ஏதாவது இருக்குமா?”

“இல்லை,” என்றாள் மிளகு. சொல்வது ஒன்றும் அப்படிக் கஷ்டமாக இல்லை. அப்பாவுக்கும் சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால் பளிச்சென்று புதுக் கேரியர் தெரிந்துகொண்டிருந்தது. ரொட்டிக்கார அக்கா அதைப் பார்த்தார். பிறகு தட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு கையால் அதைப் பிடித்தபடி, மறு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். சைக்கிள் ஒரு பக்கம் இழுத்தது, தட்டு மறுபக்கம் சாய்ந்தது. ஒரு ரொட்டி நழுவி ரோட்டில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தால் மிச்சமும் விழும் என்பதால் அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மிளகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய பிறகும் அந்த ரொட்டிதான் கண்ணுக்குள் நின்றது. அப்பாவின் வியாதி தனக்கும் ஒட்டிவிட்டது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எரிச்சலாக வந்தது.

“அக்கா, நில்லுங்க,” என்றாள்.

ஸ்பேனரை எடுத்து நட்டில் வைத்த பிறகு ஒரு நிமிஷம் நிறுத்தினாள். கேரியர் இல்லாவிட்டால் சைக்கிள் ஓடுமா? ஓடும். மிதித்தால் போகுமா? போகும். பிடித்தால் நிற்குமா? நிற்கும். அப்படியானால் சரி. பல்லைக் கடித்துக்கொண்டு நட்டைத் திருகினாள்.

கேரியரை மாட்டித் தட்டைக் கட்டியதும் ரொட்டிக்கார அக்கா ஏறி மிதித்துப் போனார். தெருமுனை திரும்பும் வரை மிளகு பார்த்துக்கொண்டே இருந்தாள். அது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

திரும்பி வந்து தன் சைக்கிளைப் பார்த்தாள். இதுவரை அதில் எது இல்லை என்றே பார்த்து வந்தவள், முதல் தடவையாக எது இருந்தால் போதும் என்று பார்த்தாள். பிறகு கடைக்குள் போய்ச் சிவப்பு டேப்பைத் தேடி எடுத்தாள். பிரேக் கம்பி, பிரேக் கட்டை, பெடல் இரண்டு, ஹேண்டில், சக்கரங்களின் நடுக்குடம், செயின் பல்சக்கரம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று ஒட்டினாள்.

அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்தார். பெரிய கடை பூட்டியிருந்ததாம். சைக்கிளில் சிவப்பு டேப்பும் கேரியர் இல்லாத பின்பக்கமும் தெரிந்ததும் அவருக்குத் தலை சுற்றியது.

“கேரியர் எங்கம்மா? நான் எடுக்கலையே.”

“நான்தான் எடுத்தேன். ரொட்டிக்கார அக்காவுக்கு. நல்லாக் கேட்டுக்குங்கப்பா. சிவப்பு டேப் ஒட்டினது என் சாமான். உலகமே தலைகீழாப் போனாலும் தொடக் கூடாது. டேப் ஒட்டாதது ஊர் சாமான். உங்க இஷ்டம்.”

அப்பாவின் முகம் விரிந்தது. சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“அப்ப இந்த பெல்...”

“டேப் இருக்கா?”

“இல்லை.”

“அப்புறம் என்ன கேள்வி?”

“தபால்காரர் ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருக்கார்,” என்றார் அப்பா கூச்சத்தோடு. அடுத்த நிமிஷம் பெல் அவர் கையில் இருந்தது. மிளகு கண்ணை மூடிக்கொண்டாள். ஆசையாய் அடித்த பெல். ஒருநாள்தான் அடித்தாள்.

சாயங்காலத்துக்குள் ஸ்டாண்டும் போயிற்று, மட்கார்டும் போயிற்று. அதன் பிறகு பாட்டு டீச்சர் வந்தார். அவருடைய பிரேக் கட்டை தேய்ந்து போயிருந்தது. அப்பாவின் கண் கம்பத்துப் பக்கம் போனது. கையும் கூடவே போனது.

சிவப்பு டேப்பில் விரல் பட்டதும் அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

“அது... என் பொண்ணோட சாமான் டீச்சர்,” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “இல்லைங்க.”

அவர் அந்த வார்த்தையைச் சொல்லி மிளகு கேட்டதே இல்லை. சொல்லிவிட்டுப் பாவம், வேர்த்துப் போய்விட்டது. பாட்டு டீச்சர் பரவாயில்லை என்று திரும்பினார். அதையும் அப்பாவால் தாங்க முடியவில்லை. “இருங்க டீச்சர்,” என்று தன் சைக்கிளின் பிரேக் கட்டையைக் கழற்றி மாட்டிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குத் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

இனி மிச்சமிருந்த கவலை சீட்தான். குழாயின் மேல் உட்கார்ந்து ஏரிக்குப் போக முடியாது. மிளகு வீடு முழுக்கப் பார்த்தாள். கடைசியில் உருண்டையின் வண்டி அவள் கண்ணில் பட்டது. கை தானாக நீண்டது. சட்டென்று நிறுத்திக்கொண்டாள். கேட்காமல் எடுத்தால் எப்படி இருக்கும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

உருண்டையின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“உருண்டை, உன் சீட்டை ஒருநாள் தர்றியா?”

உருண்டை சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “எப்ப திருப்பித் தருவே?”

“நாளைக்கு.”

“அப்பா சொல்ற நாளைக்கா, அம்மா சொல்ற நாளைக்கா?”

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டார். அப்பா கூரையைப் பார்த்தார்.

“அம்மா சொல்ற நாளைக்கு,” என்றாள் மிளகு.

“அப்ப சரி,” என்று உருண்டை கீழே இறங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் புதுசு கொக்கின் சைக்கிள். கொக்கு மிளகின் தோழி. கால் நீளம் என்பதால் அந்தப் பெயர். அவள் சைக்கிளில் கியர், கண்ணாடி, தண்ணீர் பாட்டில் வைக்க இடம் எல்லாம் உண்டு. பெயின்ட்டில் கீறல் விழக் கூடாதென்று சட்டத்தைச் சுற்றின பிளாஸ்டிக் தாளை இன்னும் பிரிக்கவே இல்லை.

“முன்னாடி ஒரு லைட் இருந்தா நல்லா இருந்திருக்கும்,” என்று கொக்கு வருத்தப்பட்டாள்.

மிளகு அவளை ஒரு பார்வை பார்த்தாள். பதில் சொன்னால் சண்டை வரும் என்று விட்டுவிட்டாள்.

விளையாட்டு சார் மிளகின் சைக்கிளுக்கு முன்னால் வந்து நின்றார். வாத்து மூஞ்சி போட்ட மஞ்சள் சீட்டைப் பார்த்தார். சிவப்பு டேப்பைப் பார்த்தார். சைக்கிளுக்கு நடுவில் தெரிந்த காற்றையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“பிரேக், செயின், டயர். நீங்க சொன்ன மூணும் சரியா இருக்கு சார்.”

சார் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். செயினைச் சுற்றிப் பார்த்தார். டயரைக் கிள்ளிப் பார்த்தார். சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அப்பா இரண்டு பட்டை போட்டு முறுக்கியிருந்ததால் அது அசையவில்லை. சார் சொன்ன மூன்றும் நிஜமாகவே நன்றாக இருந்தன.

“மணி எங்கே?”

“வாயாலேயே அடிப்பேன் சார்.”

“எங்கே, அடி பார்க்கலாம்.”

“ட்ரிங் ட்ரிங்,” என்றாள் மிளகு, முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு.

சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “போம்மா,” என்றார். “வரிசையில போய் நில்லு.”

ஊரைத் தாண்டியதும் ஏரிமேட்டு ஏற்றம் வந்தது. பாதி தூரத்தில் நிறையப் பேர் இறங்கித் தள்ள ஆரம்பித்தார்கள். மிளகும் இறங்க வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவள் சைக்கிளில் கனப்பதற்கு எதுவுமே இல்லை. மிதிக்க மிதிக்க அது பாட்டுக்கு ஏறியது. முன்னால் ஆள் வந்தபோதெல்லாம் “ட்ரிங் ட்ரிங்” என்று கத்தினாள். ஒரு கிழவர் சைக்கிள் பெல் என்று நினைத்து ஒதுங்கி, திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மட்கார்டு இல்லாததால் குட்டையில் இறங்கின சக்கரம் முதுகு முழுக்கச் சேற்றைக் கோடாக வாரி அடித்தது. வீட்டில் அம்மா என்ன சொல்வார் என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை. மேட்டு உச்சியில் காற்று சட்டையைப் பிடித்துத் தள்ளியது. கீழே ஏரி முழுசாகத் தெரிந்தது. இரண்டு பிரேக்கையும் அளவாகப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். மடியில் எந்தப் பெட்டியும் இல்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

ஏரிக்கரையில் எல்லோரும் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு வரிசையாக நிறுத்தினார்கள். மிளகின் சைக்கிளுக்கு ஸ்டாண்டு இல்லை. சாய்த்து வைக்கப் பக்கத்தில் மரமும் இல்லை. அதனால் அதைப் புல்லில் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டாள். புல் சில்லென்று இருந்தது. காதுக்குப் பக்கத்தில் பின் சக்கரம் இன்னும் கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

கொக்கு மூச்சு வாங்கக் கடைசி ஆட்களோடு வந்து சேர்ந்தாள். சைக்கிளை நிழல் பார்த்து நிறுத்தினாள். கீறல் விழுந்திருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மிளகின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“உனக்கு ஸ்டாண்டு வேண்டாமா?”

“வேணும்.”

“பெல்லு?”

“அதுவும் வேணும். கேரியர் வேணும், மட்கார்டு வேணும், கறுப்பு சீட் வேணும்,” என்றாள் மிளகு, கண்ணைத் திறக்காமலேயே. “எல்லாம் வேணும்தான். அதுக்காக இப்பவே எந்திரிக்கணுமா என்ன?”

கொக்கு நிழலில் நின்ற சைக்கிளைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் போய்த் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, மெதுவாகப் புல்லில் சாய்த்தாள்.

“கொஞ்சம் தள்ளிப் படு,” என்றாள்.